ஃபைல் அனுப்பாதீங்கண்ணே, லிங்க் அனுப்புங்க

எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் இங்க சிங்கப்பூர்ல ஈசூன்ல இருக்கான், பகல்ல ஆபீஸ் வேலை, ராத்திரியானா கிட்டார். போன வருஷம் சொந்தமா எழுதி மெட்டுப் போட்டு ஒரு பாட்டு விட்டான். வெளிய விடுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வாட்ஸப்ல எம்பி3 அனுப்பி "கேட்டுட்டு சொல்லுங்கண்ணே"ன்னான். பாட்டு நல்லாவே இருந்துச்சு, சும்மா சொல்லல. நமக்குத்தான் பாசம் வந்தா கை நிக்காதே, பாட்டு வெளிய வந்த அன்னிக்கே அந்த ஃபைல அப்படியே குடும்ப குரூப், ஸ்கூல் குரூப், எங்க புளோக் ஆளுங்க குரூப்னு மூணுலயும் தட்டி விட்டு "நம்ம பையன் பாட்டு, சப்போர்ட் பண்ணுங்க"ன்னு கும்புடுற எமோஜி வேற போட்டேன். நாப்பது பேரு தம்ஸ் அப். பெருமை தாங்கல.

மறுநாள் தம்பிகிட்டேர்ந்து மெசேஜ். "அண்ணே கோவிச்சுக்காதீங்க, ஃபைல் அனுப்பாதீங்க, லிங்க் அனுப்புங்க. ஃபைல் கையில வந்துட்டா யாரும் தேடிப் போய் கேக்க மாட்டாங்க."

பளார்னு இருந்துச்சு. ஏன்னா நான் பண்ணது எங்க வீட்டுப் பரம்பரைப் பழக்கம். எங்கப்பா தேக்கா பக்கம் ஒரு கடையில லிஸ்ட் எழுதிக் குடுத்து 60 நிமிஷ கேசட்டுல பதிஞ்சு வாங்கிட்டு வருவாரு, ரெண்டு பக்கமும் அவரு கையெழுத்துல பாட்டு வரிசை இருக்கும். 1999ல ஓசில பாட்ட பகிர்ந்துக்குற நாப்ஸ்டர் வந்தப்ப நான் பாலிடெக்னிக்ல இருந்தேன், டயல் அப் லைன்ல ஒரு பாட்டு இறங்குறதுக்குள்ள அம்மா ஃபோன தூக்கிருவாங்க, லைன் கட், மறுபடி முதல்லேர்ந்து. 2001ல கேஸ் தோத்து அத மூடுனதும் வேற இடத்துக்குப் போனோம். ஒரே சிடில 150 பாட்டு அடைச்சு ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் அடிச்சுக் குடுத்திருக்கேன், திருட்டுன்னு ஒரு நாள் கூட தோணல. பெரிய மியூசிக் டைரக்டருக்கு என் ஒருத்தனால என்ன குறையப் போகுதுங்கறதுதான் எங்க வாதம்.

அந்த வாதம் சினிமாப் பாட்டுக்கே அவ்வளவா நிக்காது. ரொம்ப வருஷமா பாட்டு உரிமைய மொத்தமா வாங்குறவங்களுக்குத்தான் பெரும்பங்கு போச்சு, எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ஒரு தடவ சம்பளம், அதோட சரி. இந்தியாவுல 2012ல சட்டத்த திருத்தினதுக்கு அப்புறம்தான் ராயல்டில அவங்களுக்கு சமபங்கு, அந்த உரிமைய எழுதிக் குடுத்துட்டுப் போக முடியாதுன்னு வந்துச்சு. சரி அது பெரிய ஆளுங்க சண்டை. நம்ம ஊர் பையன் கதைக்கு வர்றேன்.

மாசாமாசம் ஸ்பாட்டிஃபைக்கு காசு கட்டுறோமே அதுலேர்ந்து அவனுக்குப் போகும்னுதான் நானும் நினைச்சேன். கணக்கு அப்படி இல்லையாம். நாம கட்டுறது நாம கேட்ட ஆளுக்கு நேரா போறதில்ல. எல்லார் காசும் ஒரே உண்டியல்ல விழும், கம்பெனி தன் பங்க எடுத்துட்டு, மொத்தமா யாரு பாட்டு எத்தனை தடவ ஓடிச்சோ அந்த விகிதத்துல பிரிச்சுக் குடுக்கும். நான் மாசம் பூரா தம்பி பாட்ட மட்டுமே கேட்டாலும் என் வெள்ளில, அதான் சிங்கப்பூர் டாலர்ல, பெரும்பகுதி நான் காதால கூட கேக்காத ஏதோ உலக ஸ்டாருக்குத்தான். இதுல 2024லேர்ந்து இன்னொண்ணு, கடைசி 12 மாசத்துல 1000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு ரெக்கார்டிங் ராயல்டியே கிடையாது. தம்பி பாட்டு அப்ப நின்னது 640ல. என் நாப்பது தம்ஸ் அப்பும் லிங்க்ல போய் ஆளுக்குப் பத்து தடவ கேட்டிருந்தா 400. கூட்டிப் பாருங்க. வயித்தெரிச்சல்.

(உடனே சத்தத்த கம்மி பண்ணிட்டு ராத்திரி பூரா லூப்ல ஓட விட்றாதீங்க, போலின்னு சந்தேகம் வந்தா எண்ணிக்கையும் போகும், பாட்டையே தூக்கினாலும் தூக்குவாங்க, அடி விழுறது பாடினவனுக்குத்தான்.)

அப்ப என்னதான்டா பண்றதுன்னு அவனையே கோப்பிக்கடைக்கு கூப்பிட்டு தே தாரிக் வாங்கிக் குடுத்து கேட்டேன். பாட்ட கேக்குறவங்களுக்கே நேரா விக்கிற பேன்ட்கேம்ப்ல போட்டிருக்கேன்ணே அங்க வாங்குங்கன்னான். டிஜிட்டல் பாட்டுக்கு அவங்க எடுக்குறது 15 சதவீதம், கார்டு செலவு போக மீதி பாடினவனுக்கு, விலைக்கு மேலயும் நம்ம இஷ்டத்துக்கு குடுக்கலாம். கொரோனா ஆரம்பிச்ச 2020 மார்ச்லேர்ந்து சில வெள்ளிக்கிழமைகள்ல அந்த 15ம் எடுக்காம விடுறாங்க. நான் 3 வெள்ளி பாட்டுக்கு 10 வெள்ளி போட்டேன். சவுண்ட்கிளவுட்ல 2021லேர்ந்து நாம கட்டுற காசு நாம கேக்குற ஆளுக்கே போற மாதிரி ஒரு முறை இருக்குன்னும் சொன்னான். அப்புறம் காம்பஸ்ல சேந்திருக்கியாடான்னு நான் ஒரு கேள்வி கேட்டேன், அது பாட்டு எழுதுறவங்க மெட்டுப் போடுறவங்களுக்காக ரேடியோ, ஓட்டல், டின்னர் ஃபங்ஷன்ல ஓடுற பாட்டுக்கெல்லாம் வசூல் பண்ற அமைப்பு, 1987லேர்ந்து இங்க இருக்கு. "ஃபார்ம் வாங்கி வச்சிருக்கேன்"னான். ஆறு மாசமா வச்சிருக்கானாம்! கலைஞன்னா இப்படித்தான், நாமதான் பின்னாடி நின்னு தள்ளணும். ரேடியோல ஓடினா காம்பஸ் வசூல் பண்ணுமே, அதனால ஒலிங்கற நம்ம தமிழ் ரேடியோல நம்ம ஊர் பாட்டு கேட்டு போடச் சொல்றதும் உதவும்.

ஆனா அவன் ரொம்ப நேரம் பேசினது டவுன்லோட பத்தி இல்ல, ஓசி டிக்கெட் பத்தி. சின்ன ஹால், 80 சீட்டு, டிக்கெட் 20 வெள்ளி. ஹால் வாடகை, சவுண்டு ஆளு, ட்ரம்ஸ் வாசிக்கிற பையன், எல்லாம் அவன் கையிலேர்ந்து. ஷோக்கு ஒரு வாரம் முன்னாடி ஃபோன் மேல ஃபோன், "டேய் நமக்கு ரெண்டு டிக்கெட் எடுத்து வை"ன்னு. காசு குடுத்து வாங்கினதெல்லாம் முன்ன பின்ன தெரியாத ஆளுங்க. சித்தப்பா, மாமா, கூடப் படிச்சவன், எல்லாம் ஓசி. கல்யாண வீட்டுல பாடச் சொல்றவங்க அதுக்கும் மேல, "நாலு பேருக்கு உன்ன தெரிய வரும்ல"ன்னு சொல்லிட்டு சாப்பாட்ட காட்டுவாங்களாம். அதே மண்டபத்துல பூ அலங்காரத்துக்கு ஆயிரக்கணக்குல வெள்ளி குடுத்திருப்பாங்க, பூக்காரர்கிட்ட யாரும் நாலு பேருக்கு தெரிய வரும்னு சொல்றதில்ல.

நான் கோப்பைய பாத்துகிட்டு உக்காந்திருந்தேன். அந்த ரெண்டு டிக்கெட் கேட்ட ஆளுங்கள்ல நானும் உண்டு. அவனுக்கும் ஞாபகம் இருக்கு, சொல்லல, நல்ல பையன்.

வீட்டுக்கு வந்து மூணு குரூப்லயும் பழைய ஃபைல அழிக்கப் பாத்தேன், டைம் தாண்டிருச்சு, எல்லாருக்கும் அழிக்க விடல. சரின்னு லிங்க் போட்டு, ஃபைல வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இதுல கேளுங்கன்னு எழுதினேன். உட்லண்ட்ஸ் அத்தை மட்டும் பதில் போட்டாங்க, "ஏற்கெனவே அனுப்பிட்டியேப்பா"ன்னு. அப்புறம் ரெண்டு பழைய டிக்கெட்டுக்கு 40 வெள்ளி ஃபோன்லயே பேநவ்ல அனுப்பினேன், குறிப்புல "ஹால் வாடகை"ன்னு போட்டு. பத்து நிமிஷத்துல ஃபோன் பண்ணிட்டான்.

"அண்ணே, தப்பான ஆளுக்கு அனுப்பிட்டீங்க போல, திருப்பி அனுப்பவா?"