செடிக்கு இருட்டு, வாசலுக்கு நட்சத்திரம்

போன வருஷம் அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்கள் வாசல்படியோரத் தொட்டிச்செடியை ஒரு பெரிய அட்டைப்பெட்டி போட்டு மூடினேன். காலையில் எட்டு மணிக்கு எடுப்பேன். எதிர்வீட்டு அக்கா ஒரு வாரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் பொறுக்கவில்லை.

"ஏன் கண்ணு, உள்ள கோழி ஏதும் அடைக்கு உட்கார்ந்திருக்குதா?"

கோழி இல்லை, கிறிஸ்துமஸ் பூ. பாயின்செட்டியா என்பது அதன் பெயர். ஏற்காட்டில் எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுகிறவராக இருந்தவர். டிசம்பரில் காபிப்பழம் பறிக்கிற நேரத்தில், தொழிலாளர்களின் லைன் வீடுகளின் வேலியோரமெல்லாம் இந்தச் செடி ஆள் உயரத்துக்குச் சிவந்து நிற்கும். அதற்கென்று யாரும் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. கிறிஸ்துமஸுக்கு நாலு கொம்பு வெட்டி, பித்தளைக் குடத்தில் சொருகி, நிலைவாசலுக்கு இரண்டு பக்கமும் வைத்துவிடுவார் அம்மா. வெட்டிய இடத்தில் பால் வடியும். அதை அப்படியே தண்ணீரில் வைத்தால் சாயங்காலத்துக்குள் தலை தொங்கிவிடும். அடுப்புத் தணலில் நுனியை ஒரு வாட்டு வாட்டி வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

கல்யாணமாகி சேலம் அரிசிபாளையத்துக்கு வந்தபோது ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு வந்து நட்டேன். நன்றாகத் தழைத்தது. மூன்று டிசம்பர் போயும் பச்சை இலையைத் தவிர எதையும் காட்டவில்லை. வெயில் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அப்பா வந்திருந்தபோது ஒருநாள் ராத்திரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செடியைப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார். நேர் மேலே தெருவிளக்கு.

"ராத்திரின்னே தெரியாம வச்சிருக்கியேம்மா, எப்படிச் சிவக்கும்?"

விஷயம் அவ்வளவுதான். இரவு நீளுகிற பருவத்தைக் கண்டுகொண்டுதான் இந்தச் செடி நிறம் மாறுகிறது. தினமும் 14 மணி நேரமாவது முழு இருட்டு வேண்டும், அதுவும் எட்டு பத்து வாரத்துக்கு. நடுவில் விளக்கு வெளிச்சம் பட்டால் கணக்குத் தப்பிவிடும். மெக்சிகோவில் பிறந்த செடி இது. 1820களில் அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த பாயின்செட் என்பவர் தன் ஊருக்கு அனுப்பிவைத்ததால் அந்தப் பெயர். சிவப்பாக இருப்பது பூவும் இல்லை, இலை. நடுவில் மஞ்சளாக மிளகு மிளகாக இருப்பதுதான் பூ.

இதில் ஒரு வசதி. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகிற திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு எப்படியும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில்தான் வரும். அக்டோபர் முதல் தேதியே மூட ஆரம்பித்தால் அதற்குள் எட்டு வாரம் ஆகிவிடும். அந்த ஞாயிறு வாசலில் நட்சத்திரம் ஏறும், அன்றைக்கே பெட்டிக்கு விடுதலை.

நட்சத்திரம் எங்கள் வீட்டில் கட்டுவதுதான். பிளாஸ்டிக் நட்சத்திரம் ஒரு வருஷம் வாங்கினேன், அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதன் பக்கம் திரும்பவும் இல்லை. கூடை பின்னுகிறவர்களிடம் கேட்டால் மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து கொடுப்பார்கள். மூன்றடி நீளத்தில் பத்துச் சிம்பு. ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரம். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்க வேண்டும். பிறகு உள்ளே சிம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்கிற ஐந்து இடங்களிலும் அரையடிக் குச்சியை முட்டுக்கொடுக்க வேண்டும். அதுவரை தட்டையாகக் கிடந்தது, ஐந்தாவது குச்சி ஏறியதும் வயிறு உப்பி எழுந்துகொள்ளும். அப்பாவுக்கு இப்போது விரல் நடுங்குகிறது. நாற்காலியில் இருந்தபடி "இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு" என்பதோடு சரி.

மேலே ஒட்டுவது காத்தாடிப் பேப்பர். பசைக்கு மைதா வேண்டாம். ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு மைதாவுக்குப் போவானேன்? ஜவ்வரிசிக்கு ஆகிற குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவைக் கரைத்துக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டினால் போதும். கரப்பான் கடிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஏற்காட்டில் மூட்டம் இறங்கினால் பேப்பர் நமத்துத் தொய்ந்துவிடும். உள்ளே எரிகிற ஜீரோ வாட் பல்பின் சூட்டில்தான் திரும்ப விறைக்கும். பேர்தான் ஜீரோ, பத்துப் பதினைந்து வாட் இழுக்கும். சேலத்தில் அந்தத் தொல்லை இல்லை, எல்இடியே போதும்.

தோரணத்துக்கு ஒரு மாவிலை, காபித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக் மரத்தின் ஓர் இலை என்று மாற்றி மாற்றிக் கோப்பேன். காற்றில் ஒடிந்து விழுந்த கிளையிலிருந்து தம்பி கொண்டுவந்து தருவான். பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரிக் கட்டினால் வெள்ளி பூசினாற்போல் இருக்கும். முதல் வருஷம் ஆசையில் டிசம்பர் 10ஆம் தேதியே கட்டி, நாலே நாளில் அத்தனையும் சருகு. இப்போது 23ஆம் தேதி ராத்திரிதான் கட்டுகிறேன்.

கோலத்துக்குப் பிரச்சினையே இல்லை. மார்கழி மாதம், தெருவே கோலமாகத்தான் கிடக்கும். போன வருஷம் 24ஆம் தேதி விடியற்காலையில் நான் வாசலில் நட்சத்திரக் கோலத்துக்குக் காவி தீட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா கையில் சாணி உருண்டையோடு வந்து நின்றார்.

"இன்னிக்குப் பூசணிப்பூ கிடைக்கல கண்ணு. உன் செடியில ஒண்ணு குடேன்."

"அக்கா, அது பூ இல்ல, இலை."

"செவசெவன்னு இருக்குதில்ல? குடு."

நுனியைத் தணலில் வாட்டித்தான் கொடுத்தேன்.