கை தூக்கினால் ஏறும் கவரால்

பராமரிப்புப் பிரிவில் சேர்ந்த முதல் நாள் ஸ்டோரில் எனக்கு ஒரு கவரால், அதாவது சட்டையும் பேன்ட்டும் ஒன்றாகத் தைத்த வேலை உடை, கொடுத்தார்கள். "லேடீஸுக்குன்னு தனியா வர்றதில்லை மேடம், இருக்கிறதுலயே இதுதான் சின்ன சைஸ்" என்றார் ஸ்டோர்க்காரர். போட்டுப் பார்த்தேன். தோள் தையல் பாதிக் கைக்கு இறங்கியிருந்தது. கையை நான்கு மடிப்பு மடித்துவிட வேண்டியிருந்தது. ஆனால் மார்பிலும் இடுப்புக்குக் கீழேயும் நல்ல இறுக்கம். மூச்சை அடக்கினால்தான் ஜிப் மேலே ஏறியது. சரி, பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

சில மாதம் கழித்து, கடைசல் மெஷினான லேத்தில் ஒரு ஷாஃப்டைக் கடைந்துகொண்டிருந்தோம். கூலன்ட் குழாயைத் திருப்பலாம் என்று கை நீட்டினேன். மடிப்பு அவிழ்ந்து, துணி விரல் நுனிவரை சரிந்தது. ஷாஃப்டைக் கவ்விச் சுற்றிக்கொண்டிருந்த சக்குக்கும் அந்தத் துணிக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர் உடனே மெஷினை நிறுத்தினார். அன்று மாலையே கவராலைத் தையல்காரரிடம் எடுத்துப்போனேன்.

அவர் அதை மேசைமேல் விரித்து, கை சேரும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். "கையைக் குட்டையாக்கித் தரலாம்மா. மடிக்க வேண்டியிருக்காது. ஆனா கட்டிங் ஆம்பிளைக் கட்டிங், அது மாறாதே." அதுவரை என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. ஆர்ம்ஹோல், அதாவது கை சேரும் அந்த வளையம், ஆழமாக இறங்கியிருந்தால், கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் கூடவே ஏறும். கவராலில் மேலும் கீழும் ஒரே துணி என்பதால் அந்த இழுப்பு கவட்டை வரை போய்ப் பிடிக்கும். தலைக்கு மேலே இருக்கும் வால்வைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் நான் பட்ட வேதனை அதுதான்.

கழிப்பறைப் பாடு தனி. தோளிலிருந்து முழுவதையும் கழற்றி, கைப்பகுதி ஈரத் தரையில் படாமல் ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்தே ஷிஃப்ட் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த நாட்கள் உண்டு. இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை, கோபம்தான் வருகிறது.

அலுவலக உடையிலும் கதை இதேதான். மீட்டிங் நாளில் போடும் ஃபார்மல் சட்டையில் மார்புக்கு நேரே பட்டன்களுக்கு நடுவில் வாய் பிளக்கும்; உள்பக்கம் ஊக்குக் குத்திக்கொள்வேன். ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் தோள் தொங்கிவிடும். மார்பு, இடுப்பு, தோள், உயரம் எல்லாம் ஆளுக்கு ஆள் தனித்தனியாக மாறுபவை. அவற்றை ஒற்றை எண்ணில் அடைக்கப் பார்த்தால் எங்கேயாவது இடிக்கத்தான் செய்யும். அமெரிக்காவில் 1939-40இல் சுமார் 15,000 பெண்களை ஆளுக்கு 59 இடங்களில் அளந்தார்கள். ஆனால் வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். அதை வைத்து 1958இல் பெண்கள் ஆடைக்கு வந்த பொது அளவுமுறை, 1983இல் கைவிடப்பட்டது.

2019 மார்ச்சில், பெண்கள் இருவர் மட்டும் செய்யவிருந்த முதல் விண்வெளி நடையில் நாசா ஆளை மாற்றிய செய்தியைப் படித்தது நன்றாக நினைவிருக்கிறது. இருவருக்கும் விண்வெளி உடையின் நடுத்தர அளவு மேற்பகுதிதான் பொருந்தியது. தயாராக இருந்ததோ ஒன்றுதான். அக்டோபரில்தான் இரண்டு பெண்கள் சேர்ந்து வெளியே போனார்கள். அன்று அந்தச் செய்தியை ஸ்டோர்க்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "நம்ம கதைதானே மேடம்" என்றார்.

அப்புறம் எங்கள் பிரிவுப் பெண்கள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் டேப்பால் அளந்து, தோள், கை, மார்பு, இடுப்பு, சீட் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். மேல்சட்டை தனி, பேன்ட் தனி, பெண்கள் கட்டிங் என்று கேட்டோம். இரண்டு முறை திரும்பி வந்த தாள் மூன்றாவது முறை கையெழுத்தாகியது. புதுச் சட்டையைப் போட்டு முதல் தடவை வால்வுக்குக் கை தூக்கியபோது சட்டை விளிம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தேன்.

புதிதாகச் சேரும் பெண்களை இப்போது ஸ்டோரிலேயே கையை உயர்த்தி, குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொல்கிறேன். கையுறை மட்டும் இன்னும் பெரிதாகத்தான் வருகிறது. விரல் நுனியில் அரை அங்குலம் காலியாக இருந்தால் சின்ன நட்டைப் பிடிக்க முடியாது. ஸ்டோருக்குக் கொடுக்கும் அடுத்த தேவைப் பட்டியலில், இன்டென்ட்டில், அதை எழுதியிருக்கிறேன்.