எந்த மெக்கன்சி?

ஸ்காட்லாந்தின் பழைய எழுத்தர்கள் மெக்கன்சி (Mackenzie) என்ற பெயரின் நடுவில் போட்டது 'இசட்' (z) அல்ல, 'யோக்' (ȝ) என்ற எழுத்து. வால் வைத்த 3 போல இருக்கும். ஏறத்தாழ 'ய' ஒலி. அச்சுக்கூடங்களில் அந்த அச்சு இல்லாததால் 'இசட்'டைக் கோத்தார்கள். 'மக்கிங்யி' மெக்கன்சி ஆனது இப்படித்தான். மென்சிஸ் (Menzies) என்று எழுதி 'மிங்கிஸ்' என்று படிப்பதும் இதனால்தான். 'மக்' என்றால் மகன். கென்னத்தின் மகன் என்பது பொருள். 'மெக்' (Mc) என்று சுருக்கி எழுதினால் அயர்லாந்துக்காரர், 'மாக்' (Mac) என்றால் ஸ்காட்லாந்துக்காரர் என்பார்கள். அது தவறு. இரண்டும் ஒரே சொல்தான்.

குழப்பம் அதிகம் கனடாவில். அங்கே இரண்டு அலெக்சாண்டர் மெக்கன்சிகள். ஒருவர் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னோவேயில் பிறந்தவர். 1789இல் ஆர்க்டிக் கடல்வரை ஆற்றோடு போனார், 1793இல் தரைவழியே பசிபிக்கைத் தொட்டார். இன்னொருவர் கல்தச்சராக இருந்து 1873இல் நாட்டின் இரண்டாவது பிரதமரானவர். பெயருக்கு முன்னால் 'சர்' இருந்தால் முதலாமவர். பிரதமர் அந்தப் பட்டத்தை மறுத்துவிட்டார். கனடாவின் மெக்கன்சி ஆற்றுக்குப் பெயர் வந்ததும் முதலாமவரால்தான். அதன் நீளம் ஒரு நூலில் சுமார் 1,700 கி.மீ., இன்னொன்றில் 4,200 கி.மீ. என்று இருக்கும். கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து அளந்தால் முதல் எண். பீஸ் ஆற்றில் சேரும் ஃபின்லே ஆற்றின் தொடக்கத்திலிருந்து அளந்தால் இரண்டாவது.

அதே ஸ்டோர்னோவே நமக்குத் தந்தவர் காலின் மெக்கன்சி. 1783இல் சென்னைக்கு வந்தார். 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். ஊர் ஊராகச் சுவடி, கல்வெட்டுப் படி, கைபீது (ஊர் வரலாற்றுக் குறிப்பு) எல்லாம் திரட்டியவர். ஒரு பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அவற்றை மேற்கோள் காட்டும்போது அவரை ஆசிரியராகக் குறிப்பது பெரும்பிழை. தொகுப்பாளர் மட்டுமே அவர். தேடி, கேட்டு, எழுதி, மொழிபெயர்த்த உழைப்பு காவலி போரய்யா, லட்சுமய்யா சகோதரர்களும் மற்ற உதவியாளர்களும் செய்தது. அவர்கள் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: 1822ஆம் ஆண்டின் மகல்வாரி (கிராமத்தை மொத்தமாகக் கொண்டு நிலவரி விதிக்கும்) வரிமுறையோடு வருபவர் ஹோல்ட் மெக்கன்சி. காலின் 1821லேயே காலமாகிவிட்டார்.

நியூசிலாந்தின் மெக்கன்சி சமவெளிக்குப் பெயர் தந்தவர் ஜேம்ஸ். 1855இல் ஆயிரம் ஆடுகளைத் திருடியதாகப் பிடிபட்டு, மறுவருடம் மன்னிப்பில் வெளிவந்தவர்.