5.6 மில்லிமீட்டருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

2025 செப்டம்பர் 9 அன்று ஆப்பிள் ஐபோன் ஏர் (Air) என்ற ஒல்லி ஃபோனை அறிவித்தபோது நானும் நேரலையில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பத்து நிமிடச் சுருக்கத்தைப் பார்த்தாலே போதும் என்று தெரியும், இருந்தாலும் வருஷா வருஷம் இதே தப்பைச் செய்கிறேன். ஃபோனைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார்கள். தடிமன் 5.6 மில்லிமீட்டர். அடுத்த நொடி நண்பனிடமிருந்து செய்தி: "மச்சான் பாத்தியா? இதுதான்டா இன்னோவேஷன்!"

"கிடையாது" என்று யோசிக்காமல் தட்டிவிட்டேன். தட்டியாயிற்று, இனி காரணம் சொல்லியாக வேண்டும்.

முதலில் இந்த ஒல்லி சமாச்சாரத்தை முடித்துவிடலாம். 2014-இல் ஒப்போ ஆர்5 என்று ஒன்று வந்தது, 4.85 மி.மீ. அதே வருஷக் கடைசியில் விவோ எக்ஸ்5 மேக்ஸ் வந்து அதையும் முந்தியது, 4.75 மி.மீ., அதுவும் ஹெட்ஃபோன் செருகும் துளையோடு. ஏருக்குப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. அந்த இரண்டு ஃபோன்களையும் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், ஏர் வந்த அதே 2025-இன் மே மாதம்தான் சாம்சங் 5.8 மி.மீ.-இல் எஸ்25 எட்ஜை அறிவித்தது. ஆக, "இதுவரை வந்த ஐபோன்களிலேயே மெல்லியது" என்பது உண்மைதான், ஆனால் அதில் 'ஐபோன்களிலேயே' என்ற சொல்தான் பாரத்தை எல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

அந்த 5.6 கூட, முதுகில் துருத்திக்கொண்டிருக்கும் கேமரா மேட்டை விட்டுவிட்டு அளந்த கணக்கு. திமிலைத் தள்ளிவிட்டு ஒட்டகத்தின் உயரம் சொல்வது மாதிரி. ஆப்பிளை மட்டும் குறை சொல்ல முடியாது, இந்தத் துறையின் வழக்கமே அதுதான்.

சரி, ஒல்லியாவதற்கு எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள்? பின்னால் ஒரே ஒரு கேமரா. ஸ்பீக்கர் மேலே மட்டும், கீழே கிடையாது. சிம் அட்டைக்கு இடமே இல்லை, எல்லாம் ஃபோனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம். இதையெல்லாம்கூட ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் ஃபோனின் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் பேட்டரி ஒன்றையும் இதற்கென்றே அறிமுகம் செய்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபோனில் 27 மணி நேரம் வீடியோ ஓடுமாம், இதை ஒட்டினால் 40 மணி நேரமாம். பாடுபட்டு இளைக்க வைத்து, அப்புறம் முதுகில் மூட்டை கட்டி அனுப்புகிறார்கள்.

இன்னொன்று, ஏரின் வெளிச்சட்டம் (ஃபிரேம்) டைட்டானியம். 2023-இல் ஐபோன் 15 ப்ரோ வந்தபோது டைட்டானியத்தைப் புகழ்ந்து தள்ளியவர்கள், ஏரோடு சேர்த்து அறிவித்த 17 ப்ரோவில் சத்தமில்லாமல், இல்லை, சத்தமாகவே அலுமினியத்துக்குத் திரும்பிவிட்டார்கள். காரணமும் சொன்னார்கள், வெப்பத்தை நன்றாகக் கடத்துமாம். எது வந்தாலும் புரட்சி, அது போனாலும் புரட்சி.

நியாயமாகவும் பேச வேண்டும். ஏரின் உள்ளமைப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சிப், கேமரா எல்லாவற்றையும் மேலே இருக்கும் அந்த மேட்டுக்குள் திணித்துவிட்டு, கீழே கிடைத்த இடத்தையெல்லாம் முடிந்தவரை பேட்டரிக்கே கொடுத்திருக்கிறார்கள். வழக்கமான முறையில் செய்தால் சார்ஜ் ஏற்றும் யுஎஸ்பி-சி துளை இந்தத் தடிமனில் அடங்காது என்று அதை டைட்டானியத்தில் முப்பரிமாண அச்சில் வார்த்திருக்கிறார்கள். நல்ல கைவேலை, மறுக்கவே இல்லை. ஆனால் கைவேலையைப் பார்த்து வியப்பதும், இது புதுமை என்று ஒத்துக்கொள்வதும் எனக்கு வேறு வேறு.

அப்படியானால் எது புதுமை? "யார் முதலில் செய்தது" என்று கேட்பதும் உதவாது. விரலால் தொட்டு இயக்கும் எல்ஜி பிராடாவை 2006 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள், ஐபோன் வந்தது 2007 ஜனவரியில். இன்னும் பின்னால் போனால் 1994-இல் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமனிலேயே தொடுதிரை இருந்தது, மின்னஞ்சலும் ஃபேக்ஸும்கூட அனுப்பலாம். முதல் ஐபோனில் 3ஜி கிடையாது, வீடியோ எடுக்க முடியாது, ஆப் ஸ்டோர் 2008-இல்தான் வந்தது, ஒரு வரியை நகலெடுத்து ஒட்டும் வசதிக்கே 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் எழுதி ஒப்பிட்டால் அன்றைக்கு எத்தனையோ ஃபோன்களிடம் அது தோற்றிருக்கும். ஆனாலும் அதற்குப் பிறகு பொத்தான்களைத் தேடும் பழக்கத்தைக் கட்டைவிரல் மறந்துவிட்டது.

என் அளவுகோல் இவ்வளவுதான்: இது வந்த பிறகு கை எந்தப் பழக்கத்தை மறந்தது?

2000-இல் ஜப்பானில் வந்த ஷார்ப் ஃபோனின் கேமரா 0.11 மெகாபிக்சல். படம் கண்றாவியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எடுத்த படத்தை அப்போதே இன்னொருவருக்கு அனுப்பலாம், படத்துக்காகத் தனிக் கேமராவைச் சுமக்கும் பழக்கத்தின் அழிவு அங்கே தொடங்கியது. 2018-இல் கூகுள் பிக்சலுக்கு இரவுப் படம் எடுக்கும் வசதி வந்தது. ஒளியைப் படமாக்கும் அதே குட்டி சென்சார்தான். பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, கை நடுங்கியதைச் சரிசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கியது மென்பொருள். அதற்கப்புறம் முகத்தில் ஃபிளாஷ் அடித்து எல்லோரையும் பேயாக்குவதை நான் விட்டுவிட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் வேறு. பொத்தானே இல்லாத வழுக்குக் கண்ணாடியைப் பார்வையற்ற ஒருவர் எப்படிப் பயன்படுத்துவார்? 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வந்த வாய்ஸ்ஓவர் என்ற வசதி அதற்கு வழி செய்தது: விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று ஃபோன் வாசித்துச் சொல்லும், இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். தடவிப் பார்க்கப் பொத்தான்கூட இல்லாத பொருள் என்று ஒதுக்க வேண்டியிருந்ததே கைக்கு வாகான கருவியாகிவிட்டது. அந்த ஃபோன் எத்தனை மி.மீ. என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2014-இல் அமேசான் ஃபயர் ஃபோன் முன்பக்கத்தில் நான்கு கூடுதல் கேமராக்களை வைத்து, நம் தலை அசைவதற்கேற்பத் திரையில் ஆழம் காட்டியது. யாரிடமும் இல்லாத வசதி. மறு வருஷமே அந்த ஃபோன் கடையைக் கட்டிவிட்டது. அழுத்தத்தை உணரும் 3டி டச் ஐபோனுக்கு 2015-இல் வந்து, 2019 மாடல்களில் காணாமல் போனது. விரல் அதைத் தேடவே இல்லை, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாலே வேலை நடந்துவிட்டது.

இந்த அளவுகோலில் ஏரின் ஒல்லித்தனம் தேறவில்லை. 165 கிராம், பையில் இருப்பது தெரியாது, நல்லதுதான். ஆனால் முதல் நாளே ஒரு உறை போட்டு அதைத் தடியாக்கப் போகிறோம், வழக்கம்போல.

ஆனால் அதே ஃபோனில் ஒரு சின்ன விஷயம் தேறுகிறது, அதற்கு அவ்வளவு ஆரவாரம் இல்லை. முன்கேமராவின் சென்சார் சதுரமாகிவிட்டது. லென்ஸ் விழுத்துவது வட்டமான பிம்பம், அதற்குள் நீள்சதுர சென்சாரை வைப்பதால்தான் கூட்டமாகப் படம் எடுக்க ஃபோனைப் படுக்கப் போட்டுக் கையை முறுக்க வேண்டியிருக்கிறது. சதுரமாக இருந்தால் ஃபோனை நிமிர்த்திப் பிடித்தபடியே நெட்டாகவும் எடுக்கலாம், அகலமாகவும் எடுக்கலாம், ஆட்கள் கூடினால் அதுவே படத்தின் சட்டத்தை விரித்துக்கொள்கிறது. அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஒரு பழக்கம் ஒழிகிறதே! வேடிக்கை என்னவென்றால், இதற்காக ஏர் வாங்க வேண்டியதில்லை, சாதாரண ஐபோன் 17-இலும் இது இருக்கிறது.

நான் உண்மையில் காத்திருப்பது பேட்டரிக்கு. சோனி 1991-இல் லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது, இத்தனை வருஷம் கழித்தும் பெரும்பாலும் அதன் மைனஸ் முனையில் இருப்பது கரிதான், அதாவது கிராஃபைட். அங்கே சிலிக்கானை வைத்தால் அதே எடையில், கணக்குப்படி, பத்து மடங்கு லித்தியத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது மூன்று மடங்குக்கு உப்பி, இறங்கும்போது சுருங்கி, தன்னைத்தானே நொறுக்கிக்கொள்ளும். அதனால் கார்பனோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிறார்கள். 2023-இல் ஹானர் இதை ஃபோனில் கொண்டுவந்தது, இப்போது பல சீன ஃபோன்கள் உடம்பு பெருக்காமலே பேட்டரிக் கொள்ளளவில் 6000 மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டுகின்றன. சார்ஜரை எங்கே வைத்தேன் என்று எனக்கே மறந்துபோகும் நாள் வந்தால், அன்றைக்கு நானும் எழுந்து நின்று கைதட்டுவேன்.

இதையெல்லாம் நண்பனுக்குக் குரல்பதிவாகவே அனுப்பினேன், ஏழு நிமிடம். கேட்டானா என்று தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"அதெல்லாம் சரிடா, அந்த ஒட்டுற பேட்டரியையும் சேத்தே வாங்கிடவா?"