'ரேவன்' என்ற வினையும் காக்கையும்

ஆங்கிலத்தில் ஆர், ஏ, வி, ஈ, என் என்ற ஐந்து எழுத்துகளுக்குள் இரண்டு சொற்கள் குடியிருக்கின்றன. ஒன்று பெயர்ச்சொல், காக்கை இனத்துப் பெரிய கரிய பறவை. மற்றது வினைச்சொல், வெறியோடு வாரி விழுங்குவது. காக்கை அகப்பட்டதையெல்லாம் தின்னும், அதனால்தான் அதன் பெயரே வினையாயிற்று என்று விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு.

உச்சரித்தாலே வேறுபாடு தெரியும். பறவை 'ரெய்வன்', மழையைக் குறிக்கும் 'ரெய்ன்' போல. வினை 'ரேவன்'; 'பேங்க்', 'கேமரா' என்னும்போது வாய் அகலுமே, அந்த ஒலி. அகோரப் பசியைக் குறிக்கும் 'ரேவனஸ்' இந்த வினையின் உறவு. அதை 'ரெய்வனஸ்' என்று படிப்பது காக்கைக் கதையால் வரும் பிழை. வினையை ஈ-க்குப் பதில் ஐ இட்டு எழுதும் வழக்கமும் உண்டு. குழப்பம் வராது என்பதால் எனக்கு அதுவே பிடிக்கும்.

பறவையின் பெயர் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த ஜெர்மானியச் சொல். வினையோ பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலம் லத்தீனில் கொள்ளையைக் குறிக்கும் 'ரபீனா'; அதற்கும் அடியில் 'ரபேரே', அதாவது பறித்தல். இரையைப் பறிக்கும் 'ராப்டர்', விரைவைச் சொல்லும் 'ரேபிட்' எல்லாம் இதே வேர்தான். மண்ணை வாரிக்கொண்டு பாயும் வெள்ளம் அரித்த பள்ளத்துக்கு 'ரவீன்' என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

ஆக, முதலில் கொள்ளை, தீனி பிறகு. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், ஆதியாகமம் 49:27-இல், பென்யமீன் ஓநாயைப் போல் 'ரேவின்' செய்வான் என்று வருகிறது. தமிழ் வேதாகமம் அதைப் 'பீறுகிற ஓநாய்' என்கிறது. மத்தேயு 7:15-இல் ஆங்கிலம் இதே வினையை எச்சமாக்கி ஓநாய்களுக்கு அடையாக வைக்க, தமிழ் 'பட்சிக்கிற ஓநாய்கள்' என்கிறது. அங்கே கிரேக்க மூலத்தில் இருப்பது பறிப்பதைக் குறிக்கும் சொல். தமிழில் தின்பது நின்றது, பறிப்பது விழுந்துவிட்டது.

ஆனால் அந்தப் 'பட்சி'யைப் பாருங்கள். சிறகைக் குறிக்கும் 'பக்ஷ' என்பதிலிருந்து வந்த பட்சி பறவை. உண்பதைக் குறிக்கும் 'பக்ஷ்' என்பதிலிருந்து வந்த பட்சி வினை. வடமொழியில் முதல் எழுத்தின் ஒலியே வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆங்கிலத்துக் காக்கைக்கு நேர்ந்ததேதான்! 'கபளீகரம்' எதிர்த்திசையில் போனது. கபளம் என்றால் ஒரு வாய்ச் சோறு, நம் கவளம். இன்று நாம் நிலத்தைக் கபளீகரம் செய்தார்கள் என்கிறோம். அங்கே கொள்ளை தீனியாயிற்று, இங்கே தீனி கொள்ளையாயிற்று.

இன்றைய ஆங்கிலப் பேச்சில் 'ரேவன்' என்ற வினை அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. ஒருவர் அவசரமாக விழுங்கினார் எனச் சொல்ல 'வுல்ஃப் டவுன்' அல்லது 'டிவவர்' போதும். 'டிவவர்' செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும், 'டவுன்' சேர்க்க வேண்டாம். 'ரேவனஸ்' மட்டும் உயிரோடிருக்கிறது. அதிலேயே பசியின் உச்சம் இருப்பதால் முன்னால் 'வெரி' ஒட்டாது, 'அப்சல்யூட்லி' ஒட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: இதே வேரில் வந்த 'ரேவிஷிங்' என்பதற்கு மனத்தைக் கொள்ளைகொள்ளும் அழகு என்று பொருள். பசிக்கிறது என்று சொல்ல வந்தவர் இதைச் சொன்னால், தன் அழகைத் தானே புகழ்ந்ததாகிவிடும்.