கழுத்து ஒடிந்த சுமைதாங்கிகள்

நான்காவது பொம்மையின் கழுத்தும் ஒடிந்த பிறகுதான் மூலச் சிலைகளின் பின்பக்கப் படத்தைத் தேடிப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

நான் செய்துகொண்டிருப்பது கிரேக்க நாட்டின் ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின்மேல் இருக்கும் எரெக்தியோன் கோவிலின் தெற்கு முகமண்டபம். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுந்தது. அங்கே தூண்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஆறு பளிங்குப் பெண்கள் நின்று கூரையைத் தாங்குகிறார்கள். முன்வரிசையில் நால்வர், பின்னால் பக்கத்துக்கு ஒருவர். கார்யாட்டிட் என்று பெயர். கோவிலில் இன்று நிற்பவை நகல்கள். அசல்களில் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, மற்றவை ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில். கட்டடத்துக்குச் சிலை நகையா, எலும்பா என்று படித்துப் படித்துச் சலித்துப்போய்த்தான் களிமண்ணைக் கையில் எடுத்தேன். அசல் உயரம் ஏறக்குறைய 2.3 மீட்டர். என்னுடையது 23 சென்டிமீட்டர். முன்வரிசை மட்டும் போதும் என்று முடிவு செய்தேன்.

களிமண்ணில் ஓர் உருவம், அதன்மேல் சிலிக்கான் ரப்பர் அச்சு, அச்சில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஒரே அச்சில் நான்கு வார்த்துவிடலாம் என்பது என் கணக்கு. நால்வரையும் வரிசையாக நிறுத்தியதும் கணக்கு தப்பு என்று தெரிந்துவிட்டது. எல்லோரும் வலது காலில் ஊன்றி இடது முழங்காலை மடக்கியிருந்ததால், மண்டபமே ஒரு பக்கமாக நடந்து போவதுபோல இருந்தது.

படத்தை மறுபடி பார்த்தேன். நமக்கு இடப்பக்கம் நிற்கும் மூவர் வலது காலிலும், வலப்பக்கம் நிற்கும் மூவர் இடது காலிலும் ஊன்றியிருக்கிறார்கள். ஊன்றிய கால்கள் எல்லாம் வெளிப்புறம், மடங்கிய முழங்கால்கள் உட்புறம். ஊன்றிய காலின்மேல் ஆடை மடிப்புகள் நேர்க்கோடாக இறங்குகின்றன, கிரேக்கத் தூணில் வெட்டும் பள்ளவரிகளைப் போலவே. அதைத் துணி என்று நினைத்து நான் நெளிநெளியாக இழைத்து வைத்திருந்தேன்! ஆக, இன்னொரு களிமண் உருவம், இன்னொரு அச்சு. எட்டு நாள் போயிற்று.

பிறகு சுமை. பொம்மைகளின் தலைமேல் ஒரு பலகையை வைத்துப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். மூன்றாவது புத்தகத்தில் பலகை சற்றே நகர்ந்தது. இரண்டு தலைகள் மேசையில் உருண்டன. கலவையில் தண்ணீர் கூடிவிட்டது என்று பழியை அதன்மேல் போட்டு, கெட்டியாகக் கலந்து மறுபடி வார்த்தேன். மறுபடியும் இரண்டு தலைகள்.

பழி கலவையுடையது அல்ல. பிளாஸ்டரோ பளிங்கோ, மேலிருந்து நேராக அமுக்கினால் நன்றாகத் தாங்கும், வளைத்தால் பொறுக்காது. பலகை பக்கவாட்டில் நகர்ந்தவுடன் வளைவு முழுவதும் மெலிந்த இடத்தில் போய்ச் சேருகிறது. அந்த இடத்தை நான் சங்குக் கழுத்தாக ஆசை ஆசையாக மெலியச் செய்திருந்தேன்.

பின்பக்கப் படத்தில் பார்த்தால் அந்தப் பெண்களுக்குக் கழுத்தே தெரியவில்லை. தடித்த பின்னல்கள் பிடரியை மூடி முதுகில் இறங்குகின்றன. முன்னால் தோளின்மேல் வேறு கற்றைகள். அச்சிலிருந்து எடுக்கச் சிரமம் என்று நான் விட்டுவிட்ட கூந்தல்தான் அங்கே முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பின்னலைச் சேர்த்ததும் என் பொம்மையின் கழுத்து 1.5 சென்டிமீட்டரிலிருந்து 2.2 ஆயிற்று. உருண்டையான தண்டில் தடிமன் ஒன்றரை மடங்கானால் வளைவைத் தாங்கும் வலு மூன்று மடங்குக்கும் மேலாகிறது. இடப்பக்க ஜோடியை மட்டும் வைத்து மறுபடி சோதித்தேன். ஒன்பது புத்தகங்கள், இரண்டு மணி நேரம். பலகையை வேண்டுமென்றே அசைத்தும் பார்த்தேன். நின்றார்கள்.

தலைமேல் இருக்கும் கூடை போன்ற வட்டத் திண்டையும் முதலில் விட்டிருந்தேன். அது இல்லாமல் பலகை மண்டையை நசுக்குவதுபோல இருந்தது, பார்க்கவே தலை வலித்தது. திண்டு வந்ததும் சும்மாடு வைத்துக்கொண்ட நிம்மதி முகத்தில் தெரிகிறது. முகத்தை நான் தொடவே இல்லை. இன்னொன்று: கோவிலின் மற்றப் பகுதிகளில் உத்தரத்துக்குமேல் எலூசிஸ் என்ற ஊரின் கருநிறச் சுண்ணாம்புக்கல்லில் வெள்ளைப் பளிங்கு உருவங்கள் பதித்த சிற்பப் பட்டை ஓடுகிறது. இந்த மண்டபத்தில் மட்டும் அந்தப் பட்டை கிடையாது. உருவங்களின்மேல் உருவங்களை ஏற்றவில்லை, பாரமும் குறைந்தது.

இடையில் ஓர் அலுப்பில், பிரான்ஸின் ஷார்த்ர் பேராலயத்து மேற்கு வாசலில் 12ஆம் நூற்றாண்டில் செதுக்கிய தூண் உருவங்களில் ஒன்றையும் முயன்றேன். அவை கூரையைத் தாங்குவதில்லை, தூணோடு ஒட்டி நிற்பவை. மூன்று சென்டிமீட்டர் அகலப் பிளாஸ்டர் கட்டையில் செதுக்க உட்கார்ந்தால் கையை விரிக்க இடமே இல்லை. முழங்கை விலாவோடு ஒட்டுகிறது, பாதம் கீழ்நோக்கித் தொங்குகிறது, உடல் தானாக நீள்கிறது. ஒரே மாலையில் முடிந்தது. கார்யாட்டிட்களைவிட நன்றாகவே வந்திருக்கிறது என்பது கொஞ்சம் எரிச்சல்தான்.

அடுத்து மாமல்லபுரத்துப் பல்லவர் தூண். அடியில் சிங்கம் குந்தியிருக்கிறது, அகன்ற மார்பும் பிடரியுமாக. அதற்குக் கழுத்துக் கவலை இருக்காது என்று நினைக்கிறேன்.

அதற்குமுன் வலப்பக்க ஜோடி இன்னும் அச்சுக்குள் இருக்கிறது. பின்னலுக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ரப்பர் சிக்கும். போன தடவை ஒரு காது பிய்ந்து வந்தது. இந்த முறை அச்சை இரண்டு துண்டாக வெட்டி எடுக்கப் போகிறேன்.