வேர்ட்பிரஸ் தீம் ஒன்றைப் பொட்டலம் கட்டிய அனுபவம்

வாடிக்கையாளர் ஒருவருக்காகச் செய்த வேர்ட்பிரஸ் தீம் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகளின் தொகுப்பு) அது. அவர் தளத்தில் சிக்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "இதைப் பொதுவில் போடலாமே" என்று அவரே சொன்னதால், வேர்ட்பிரஸ்ஸின் அதிகாரபூர்வத் தீம் டைரக்டரிக்கு அனுப்ப உட்கார்ந்தேன். ஃபோல்டரை ஜிப் செய்து ஏற்றினால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் நேரத்தில் பெரும்பகுதி, அந்த ஒரு தளத்துக்கென்று எழுதியதையெல்லாம் தேடிப்பிடித்து வெளியே எடுப்பதில்தான் போனது.

ஜிப் செய்வதிலேயே ஒரு கூத்து உண்டு. ஏற்றிய ஜிப்பைத் திறந்ததும் முதல் ஃபோல்டருக்குள் ஸ்டைல்.சிஎஸ்எஸ் என்ற ஸ்டைல்ஷீட் (தோற்ற விதிகள் எழுதிய கோப்பு) இருக்கிறதா என்று வேர்ட்பிரஸ் பார்க்கும். ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் என்று அமைந்துவிட்டால், கோப்பு உள்ளே பத்திரமாக இருந்தாலும், ஸ்டைல்ஷீட் இல்லை, நிறுவ முடியாது என்று கையை விரித்துவிடும். கோப்புகளைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் இருந்து ஜிப் இறக்கினால் ஃபோல்டர் பெயரின் வாலில் 'மெயின்' என்று கிளையின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். அற்ப விஷயம் போலத் தெரியும். ஆனால் கஸ்டமைசரில் (தோற்றத்தை மாற்றும் அமைப்புப் பக்கம்) நாம் வைக்கும் லோகோ, நிறம், மெனு இடம் எல்லாம் டேட்டாபேஸில் ஃபோல்டர் பெயரை வைத்துத்தான் சேமிக்கப்படுகின்றன. பெயர் மாறினால் அத்தனையும் காணாமல் போனது போலத் தெரியும். சைல்ட் தீமும் (வேறொரு தீமைச் சார்ந்து ஓடும் தீம்) தாய் தீமின் ஃபோல்டர் பெயரைச் சொல்லித்தான் தேடும். அது கிடைக்காவிட்டால் படுத்துவிடும். அதனால் வேர்ட்பிரஸ்ஸைக் கட்டளைகளால் இயக்கும் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் டிஸ்ட்-ஆர்கைவ் கட்டளையைப் பயன்படுத்தினேன். நோட் மாட்யூல்ஸ், கிட் ஃபோல்டர், மேக் கணினி தானாகப் போட்டுவைக்கும் டிஎஸ் ஸ்டோர் என்று எதெல்லாம் வேண்டாமோ அவற்றை டிஸ்ட்இக்னோர் கோப்பில் எழுதிவிட்டால், அவை இல்லாமல் சுத்தமான ஜிப் வந்துவிடும்.

ஸ்டைல்.சிஎஸ்எஸ்ஸின் தலைப்பகுதியில் தீம் பெயர், பதிப்பு எண், தேவைப்படும் பிஎச்பி பதிப்பு, ஜிபிஎல் உரிமம் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்பது), டெக்ஸ்ட் டொமைன் (மொழிபெயர்ப்புக்கான அடையாளப் பெயர்) ஆகியவை வேண்டும். டெக்ஸ்ட் டொமைனும் ஃபோல்டர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் அதிகபட்சம் 1200-க்கு 900 பிக்சல். அதில் வரும் படத்துக்கும் உரிமம் கேட்பார்கள். அன்ஸ்பிளாஷ் படங்கள் இலவசம்தான், ஆனால் அவற்றின் உரிமம் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது. நான் எடுத்த புகைப்படத்தையே வைத்துவிட்டேன், வம்பே இல்லை.

மனசு வராமல் செய்த வேலை ஒன்று உண்டு. தீமின் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி கோப்பில் 'திட்டங்கள்' என்று ஒரு கஸ்டம் போஸ்ட் டைப் (தனி வகைப் பதிவு), இரண்டு ஷார்ட்கோட் (பதிவுக்குள் சதுர அடைப்புக்குறியில் எழுதும் சுருக்கக் குறி), வருகையைக் கணக்கிடும் அனலிடிக்ஸ் வரிகள் என்று நிறைய இருந்தன. இவையெல்லாம் பிளகின் (கூடுதல் வசதி சேர்க்கும் தனி நிரல்) செய்ய வேண்டியவை, தீமுக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. முதலில் எரிச்சலாக இருந்தது. யோசித்தால் நியாயம்தான். பயனர் நாளைக்கே வேறு தீமுக்கு மாறினால், எழுதிவைத்த திட்டங்கள் டேட்டாபேஸில் இருந்தும் அட்மின் பக்கத்தில் தெரியாது. போதாக்குறைக்கு, பதிவுகளில் ஷார்ட்கோட் சதுர அடைப்புக்குறியோடு பல்லிளிக்கும். எல்லாவற்றையும் தனி பிளகினுக்கு மாற்றினேன்.

அப்புறம் எழுத்துரு. நோட்டோ சான்ஸ் தமிழ், கூகுள் சர்வரில் இருந்து நேராக வந்துகொண்டிருந்தது. பார்வையாளரின் ஐபி முகவரி அனுமதியில்லாமல் கூகுளுக்குப் போகிறது என்று சொல்லி, 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தள உரிமையாளர் 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இப்போது டைரக்டரியிலும் எழுத்துரு தீமுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த எழுத்துருவுக்கு ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் இருப்பதால் தடையில்லை. டபிள்யூஓஎஃப்எஃப்2 என்ற வலை எழுத்துருக் கோப்பாகச் சேர்த்து, ரீட்மீயில் உரிமத்தைக் குறிப்பிட்டேன்.

வேர்ட்பிரஸ் தரும் சோதனைப் பதிவுகளை இறக்கிப் பார்க்காமல் யாரும் தீம் அனுப்ப வேண்டாம். தலைப்பே இல்லாத பதிவு, முழ நீளத்துக்கு ஒரே ஆங்கிலச் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட பதிவு, அடுக்கடுக்காக உள்ளே போகும் கமெண்ட்டுகள் என்று வடிவமைப்பைக் கெடுப்பதற்கென்றே செய்தவை அவை. என் தீமில் தலைப்புதான் பதிவுக்கான இணைப்பு என்பதால், தலைப்பில்லாத பதிவுக்கு முகப்பில் இணைப்பே கிடைக்கவில்லை. தேதியை இணைப்பாக்கித் தப்பித்தேன். அந்தச் சோதனையில் தமிழ் கிடையாது என்பதால் நானாகச் சில தமிழ்த் தலைப்புகளைச் சேர்த்தேன். ஆங்கிலத்துக்கு அழகாக இருந்த 1.1 வரி உயரத்தில், 'கீ'யின் மேல்சுழி முந்தின வரியில் இருந்த 'கு'வின் வாலோடு போய் முட்டியது. 1.4 ஆக்கியதும் சரியானது.

விதிமீறல்களைக் காட்டும் தீம் செக் பிளகினில் சிவப்பு எதுவும் வராத பிறகுதான் ஏற்றினேன். இயந்திரச் சோதனை தாண்டியதும் தன்னார்வலர் ஒருவர் நிரலைப் படித்துப் பார்க்கிறார். எஸ்கேப் செய்யாமல் (ஆபத்தான குறிகளைச் செயலிழக்கச் செய்யாமல்) வெளியே போகும் ஒவ்வொரு வரியையும் பிடித்துவிடுவார்கள். எனக்கு வந்த குறிப்பு, ஃபுட்டரில் அச்சாகும் ஒரு யூஆர்எல் பற்றியது. அட்மினே உள்ளிடும் மதிப்புதானே என்று வாதாடத் தோன்றியது. வாதாடுவதைவிட, யூஆர்எல்லை எஸ்கேப் செய்யும் எஸ்க்_யூஆர்எல் ஃபங்ஷனைப் போடுவது சுலபம். திருத்தி, பதிப்பு எண்ணை 1.0.0-இல் இருந்து 1.0.1 ஆக ஏற்றி மறுபடி அனுப்பினேன். எண்ணை மாற்றாமல் அதே ஜிப்பை மறுபடி ஏற்றினால் வாசலிலேயே நிறுத்திவிடும், மனிதர் கண்ணுக்கே போகாது.